பின்பக்கமும் வெள்ளையடித்த பள்ளிக்கூடம்

ஒத்தமரத் தேயிலைத் தோட்டத்தில் சுண்ணாம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு கந்தப்பன் நடந்தால், யாரோ பெரிய மனிதர் வரப்போகிறார் என்று அர்த்தம். தபால்காரனுக்கு முன்னாலேயே, தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்து ஜனங்களுக்குச் சேதி சொன்னது அந்த வாளிதான். ஒரு வாளி போனால் பக்கத்துத் தோட்டத்துத் துரை வருகிறார். இரண்டு வாளி போனால் கொழும்பிலிருந்து கம்பெனிக்காரர். ஏணியும் சேர்ந்து போனால் அரசாங்கம்.

வெள்ளையடிப்பதில் அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. ரோட்டில் வருகிறவரின் கண்ணுக்கு எது படுமோ அதற்கு மட்டும்தான் சுண்ணாம்பு. லயத்தின் முன்சுவர் வெள்ளை. பின்சுவர் வெள்ளைக்காரன் கட்டிய நாளிலிருந்து கறுப்பு. காருக்குள் உட்கார்ந்திருப்பவரின் பார்வை எவ்வளவு உயரம் போகும் என்று பார்த்து, அதற்கு மேலே இருக்கிற சுவரைக்கூட மிச்சம் பிடித்தவர் கந்தப்பன். ஒருமுறை காரில் வருவதாகச் சொன்ன அதிகாரி, வழியில் கார் நின்றுபோய்க் குதிரையில் வந்துவிட்டார். குதிரை உயரத்துக்கு வெள்ளை எட்டவில்லை. துரைக்கு மானம் போயிற்று. அதன்பிறகு, வருகிறவர் எதில் வருகிறார் என்று கேட்காமல் கந்தப்பன் வெள்ளையடிக்கிற மட்டையைச் சுண்ணாம்பில் நனைப்பதில்லை. இந்தியாவிலிருந்து ஒரு பெரியவர் வந்த வருசம் அடித்த வெள்ளையில், விடிந்துவிட்டதென்று சேவல்கள் மத்தியானம் இன்னொரு முறை கூவின. சாட்சிக்கு அந்தச் சேவல்கள் இன்றைக்கு இல்லை.

சுவரோடு நின்றுவிடுகிற வேலையும் இல்லை அது. தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவைப் பார்க்க டாக்டர் வருகிறார் என்றால், அடுத்த தோட்டத்திலிருந்து கொழுகொழுவென்ற பிள்ளைகளை இரவல் வாங்கி வரவேண்டும். அதையும் கந்தப்பன்தான் பொறுக்கி எடுப்பார். ஒருதடவை திருப்பி அனுப்பும்போது இரண்டு பிள்ளைகள் மாறிப்போயின. இரண்டு தாய்மாருமே குறையொன்றும் சொல்லவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்க்க ஆள் வந்தால், நோயாளிகளை ஸ்டோருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, நல்ல திடகாத்திரமான கங்காணிகளைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள். வந்தவர் நாடி பிடித்துப் பார்த்து, இத்தனை நன்றாகக் குணமாக்குகிற ஆஸ்பத்திரி இலங்கையிலேயே இல்லை என்று சொல்லிவிட்டுப் போவார்.

இப்படி வருகிறவர்களையெல்லாம் ஏமாற்றியே ஐம்பது வயதைத் தொட்ட ஒருவரை வேறு எவனும் ஏமாற்ற முடியாது என்பது லயத்தின் தீர்ப்பு. அதனால்தான் டவுன் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வர அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்போது சுதந்திரம் வந்து எட்டொன்பது வருசமாகியிருந்தது. ஒத்தமரத்துக்கு அது வந்து சேரவில்லை. வருவதாக இருந்தால் வாளி போயிருக்கும்.

தோட்டத்துப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. ஒரே கூரை, ஒரே வாத்தியார், அவர் பெயர் லியனார்ட் மாஸ்டர். கந்தப்பனின் ஒரே மகள் நாகலெட்சுமி அந்த வருசம் ஐந்தை முடித்திருந்தாள். லயத்து ஒற்றை அறையான காம்பராவில் இருக்கிற பிள்ளை, ஒன்று படிக்க வேண்டும், இல்லையென்றால் கொழுந்தெடுக்க வேண்டும். சும்மா இருப்பதற்குத் துரை காம்பரா கொடுக்கவில்லை. முன்னே ஒரு பையன் வேலைக்குப் போகாமல் தப்பிக்க ஐந்தாம் வகுப்பையே நாலு தரம் படித்தான். மீசை முளைத்தபிறகுதான் துரைக்குச் சந்தேகம் வந்தது. அன்றோடு அந்த வழியும் அடைபட்டது. கணக்கப்பிள்ளை கந்தப்பனிடம் நேராகவே சொல்லிவிட்டார்: "தைப்பொங்கல் கழிஞ்சதும் மகள பெரட்டுக்கு அனுப்பிரு. டவுனுக்குப் படிக்கப் போறான்னா சரி, நான் கேக்கல." விடிகாலையில் பேர் கொடுத்து வேலைக்குப் பிரிகிற இடம்தான் பெரட்டு. அங்கே ஒருமுறை பதிந்த பேரைச் செத்துப்போனவர்கள் தவிர யாரும் இதுவரை எடுத்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜனங்கள் குளிக்கிற பீலிக்கரையில் லியனார்ட் மாஸ்டர் விஷயத்தைப் போட்டார்.

"அட்டன் டவுன்ல அரசாங்கப் பள்ளிக்கூடத்துல தைமாசம் புதுசா ஆறாம் வகுப்பு எடுக்கிறாங்க. தோட்டத்துப் பிள்ளைங்களையும் சேத்துக்கிறாங்க. ஹெட்மாஸ்டர் யாழ்ப்பாணத்து ஆளு. நல்ல மனுசன்."

துணி துவைத்துக்கொண்டிருந்த அந்தோனியம்மா நிமிர்ந்தாள். அவளுக்கும் ஐந்து முடித்த மகள் ஒருத்தி இருந்தாள். "நல்ல மனுசன்னு நீங்க சொல்றீங்க மாஸ்டர். நம்ம புள்ளைங்கள தரையில ஒக்கார வச்சுட்டு, கடக்காரன் புள்ளைங்கள பெஞ்சியில வச்சா?"

"தண்ணி கேட்டா தேங்காச் செரட்டைய நீட்டச் சொன்னா?" என்றான் அழகுமுத்து. அவனுக்கு இரட்டைப் பையன்கள். இரண்டுபேரையும் சேர்த்து ஒரு ஆளாகக் கணக்குப் போட்டுத் துரை சம்பளம் கொடுப்பார் என்று அவன் பயந்துகொண்டிருந்தான்.

"செரட்டை கெடக்கட்டும். பொட்டப்புள்ளைங்களுக்குக் கக்கூசு இருக்கான்னு மொதல்ல கேளுங்க. அம்புட்டுத் தூரம் போயி, அம்புட்டுத் தூரம் அடக்கிக்கிட்டா வர முடியும்?" என்றாள் அந்தோனியம்மா.

"யாராச்சும் நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்களேன்," என்றார் மாஸ்டர், கொஞ்சம் சலிப்போடு.

"கந்தப்பண்ணே போகட்டும்," என்றான் அழகுமுத்து. "அவர ஏமாத்துறவன் இன்னும் பொறக்கல."

"பொறந்திருந்தா அவன் மூஞ்சிக்கும் நம்மாளு வெள்ளையடிச்சிருப்பாரு," என்றாள் அந்தோனியம்மா. பீலிக்கரையே சிரித்தது.

கந்தப்பனுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி மீனம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஊருக்காகப் போறீங்க, சரிங்க. நம்ம மகளுக்காவும்தான் போறீங்க. அத மறந்துறாதீங்க," என்றாள். நாகலெட்சுமி அடுப்படியில் உட்கார்ந்து, காது மட்டும் இங்கே இருக்கும்படி ஏதோ படித்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகை மாதத்து மழைவிட்ட ஒரு காலையில் கந்தப்பன் டிக்கோயாப் பக்கமாக இறங்கி அட்டனுக்கு நடந்தார். இருப்பதிலேயே அழுக்கான சாரத்தைக் கட்டியிருந்தார். நல்ல வேட்டி கட்டிக்கொண்டு போனால் பார்வையிட வந்த ஆள் என்று நினைத்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திவிடுவார்கள் அல்லவா. யாருக்கும் சொல்லி அனுப்பவில்லை. லியனார்ட் மாஸ்டருக்கே எந்த நாள் என்று தெரியாது.

பள்ளிக்கூடம் கண்ணில் பட்டதுமே அவர் நின்றுவிட்டார்.

சுவர் வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் போய் விரலால் தேய்த்துப் பார்த்தார். இரண்டு பூச்சு. இரண்டாவது பூச்சில் கொஞ்சம் நீலமும் கலந்திருக்கிறது. கை பழகினவன் செய்த வேலை. "யாரோ வர்றான்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சரி, முன்பக்கம்தானே என்று மெல்லச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

பின்பக்கமும் வெள்ளை.

கந்தப்பன் அங்கேயும் விரலால் தேய்த்துப் பார்த்தார். இரண்டு பூச்சு. முப்பது வருசத் தொழிலில் பின்சுவருக்கு வெள்ளையடித்த ஒருவனை அவர் கண்டதில்லை. பின்பக்கம் யாருமே போவதில்லை. பள்ளத்தில் வாழைமரமும் காட்டுச்செடியும்தான். அங்கேயும் சுண்ணாம்பு அடித்திருக்கிறான் என்றால், வருகிறவன் பின்பக்கம் சுற்றிப் பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட ஆள் சாதாரண ஆளாக இருக்க முடியாது. மந்திரி. மந்திரிக்கும் மேலே. அப்பேர்ப்பட்ட ஆளுக்குப் பயந்து மூடி மறைக்க வேண்டியிருக்கிறதென்றால், உள்ளே எவ்வளவு அழுகல் இருக்க வேண்டும்?

வாசலில் மணியடிக்கிற சிங்கள ஆள் ஒருவன் நின்றான். கந்தப்பன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் இன்றைக்கு யார் வருகிறார்கள் என்று கேட்டார். யாரும் வரவில்லையே என்றான் அவன். நாளைக்கு? நாளைக்கும் இல்லை. கந்தப்பன் தலையாட்டினார். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஹெட்மாஸ்டர் சபாரத்தினம் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "வாங்கோ, வாங்கோ. ஏன் வெளியில நிக்கிறியள்? உதில இருங்கோ," என்று நாற்காலியைக் காட்டினார். கந்தப்பன் கால்வாசி நாற்காலியில் உட்கார்ந்து, முக்கால்வாசி பாரத்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டார்.

"எந்தத் தோட்டம்?"

"ஒத்தமரங்க, சாமி."

"சாமியெண்டு சொல்லாதேங்கோ. நான் வாத்தியார். பிள்ளை ஆறாம் வகுப்புக்கோ?"

"ஆமாங்க. எம்மவ ஒருத்தி. இன்னும் மூணு புள்ளைங்க."

"நல்லது. நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. முதல்ல பள்ளிக்கூடத்தைச் சுத்திப் பாருங்கோ. எங்கையும் போகலாம். எந்தக் கதவும் பூட்டேல்லை. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

தேத்தண்ணியும் வந்தது, கண்ணாடிக் கிளாசில், கீழே ஒரு தட்டோடு. கந்தப்பனின் ஆயுளில் ஒரு பெரிய மனிதர் அவருக்குக் குடிக்கக் கொடுத்தது ஒரே தடவைதான். தோட்டத்து நிலைமையை விசாரிக்கக் கமிஷன் வருவதற்கு முதல் நாள், வாயைத் திறக்காதே என்று சொல்லித் துரை ஒரு போத்தல் சாராயம் கொடுத்தார். தேத்தண்ணியை அவர் மிகவும் ஜாக்கிரதையாகக் குடித்தார். ருசியாக இருந்தது. அதுவும் கவலையாகத்தான் இருந்தது.

பிறகு சுற்றிப் பார்த்தார். பார்த்தவை எல்லாம் ஒன்றைவிட ஒன்று மோசம். அதாவது, ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தது. எல்லா வகுப்பிலும் வாத்தியார் இருந்தார். யாரும் தூங்கவில்லை. பெஞ்சுகளில் எல்லாப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் உலகப் படம் தொங்கியது. தண்ணீர்ப் பானைக்கு ஒரே குவளை. கடைக்காரப் பிள்ளை குடித்துவிட்டுக் கொடுத்ததை அடுத்த பிள்ளை கழுவாமலே வாங்கிக் குடித்தது. பெண்பிள்ளைகளின் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் இருந்தது, உள்ளே வாளியில் தண்ணீரும் இருந்தது. நாற்றமே இல்லை. ஒருவரும் உபயோகிக்கவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று கந்தப்பன் நினைத்தார்.

முதல் பெஞ்சில் ஒரு சிறுமி, பார்த்தாலே லயத்துப் பிள்ளை என்று தெரிந்தது. சட்டை சுத்தமாக இருந்தது, தலை எண்ணெய் வைத்து வாரியிருந்தது.

"ஒம்பேரு என்னம்மா?"

"லெட்சுமிங்க."

"எந்தப் பக்கம்?"

"நோட்டன் பிரிட்ஜ்ங்க. இங்க அத்த வீட்ல தங்கிப் படிக்கிறேன்."

"அம்மா பேரு?"

"அழகம்மாங்க," என்றாள் சட்டென்று.

யோசிக்கவே இல்லை. மனப்பாடம் பண்ண வைத்திருக்கிறார்கள். இரவல் பிள்ளைதான். கந்தப்பனுக்கு அந்தப் பிள்ளைமேல் இரக்கம் வந்தது. கூடவே, இவ்வளவு தூரத்திலிருந்து பிள்ளை இரவல் வாங்குகிறவன் தொழிலில் தன்னைவிடப் பெரியவன் என்று ஒரு மரியாதையும் வந்தது.

கிளம்பும்போது ஹெட்மாஸ்டர் வாசல்வரை வந்தார். "இந்த மாசக் கடைசி வெள்ளி வரைக்கும் உங்கட பிள்ளையளுக்கு இடம் வச்சிருப்பன். அதுக்குப் பிறகு டவுன் சனம் வந்து நெருக்கினா என்னால மறிக்கேலாது. வெள்ளிக்குள்ள வந்திடுங்கோ."

அந்தச் சொல்லில்தான் எல்லாம் பொருந்தி வந்தது கந்தப்பனுக்கு. வழிமுழுக்க நடந்துகொண்டே அதை அடுக்கிப் பார்த்தார். ஒரு ஓட்டையும் இல்லை.

சாயந்தரம் லயத்து வாசலில் எல்லோரும் கூடினார்கள். கந்தப்பன் மெதுவாக, வெற்றிலையை மென்று முடித்துவிட்டுப் பேசினார்.

"எல்லாம் காட்டுறதுக்கு வச்சிருக்கான். பின்சொவத்துக்கே ரெண்டு பூச்சு. எனக்கே தேத்தண்ணி குடுத்துட்டான், கேட்டுக்கங்க, எனக்கே! பாதிப் புள்ளைங்க எரவல், நோட்டன் பிரிட்ஜிலருந்து லெட்சுமின்னு ஒண்ணு. வர்ற கடைசி வெள்ளி எவனோ பெரிய ஆளு வர்றான். அன்னிக்குப் பெஞ்சி நெறைஞ்சிருக்கணும். அதுக்குத்தான் 'வெள்ளிக்குள்ள கூட்டியா, கூட்டியா'ன்னு நம்ம புள்ளைங்கள அழைக்கிறான். வெள்ளி தாண்டுன ஒடனே வெளிய தள்ளிருவான்."

"கக்கூசு?" என்றாள் அந்தோனியம்மா.

"இருக்கு. தண்ணியும் இருக்கு."

"அட ஆண்டவரே," என்று அவள் வாயில் கைவைத்தாள். "அம்புட்டுத் தூரம் போயிட்டானா!"

லியனார்ட் மாஸ்டர் எழுந்து நின்றார். "கந்தப்பன், சொல்றதக் கேளுங்க. அது காட்டுறதுக்கு இல்ல. அது நெசமாவே அப்படித்தான் இருக்கு. பள்ளிக்கூடம்னா அப்படித்தான் இருக்கணும்."

"நீங்க சொல்லாதீங்க மாஸ்டர்," என்றான் அழகுமுத்து. "போன இன்ஸ்பெக்சனுக்கு எம்பயலுங்க ரெண்டு பேரையும் ஒரே மாதிரி சட்டை போட்டு, ஒரு வாட்டி நாலாம் வகுப்புலயும் ஒரு வாட்டி அஞ்சாம் வகுப்புலயும் ஒக்கார வச்சுக் கணக்குக் காட்டுனது யாரு?"

மாஸ்டர் உட்கார்ந்துவிட்டார். துரை சொல்லித்தான் செய்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கூட்டம் கலைந்ததும் நாகலெட்சுமி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அப்பா, பெஞ்சி இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சு."

"ஒலகப் படம்?"

"இருந்துச்சும்மா. எல்லாம் இருந்துச்சு. அதான் சந்தேகமே."

"காட்டுறதுக்குத்தான்னா என்னப்பா? அந்த ஒரு நாளைக்கு நான் போயி ஒக்காந்துட்டு வர்றேனே. அடுத்த நாள் தள்ளுனா வந்துர்றேன்."

"ஒன்னய ஒருத்தன் தள்ளுறதுக்கு நான் கூட்டிட்டுப் போகணுமா?" என்று அதட்டினார். அவள் போய்விட்டாள். ஆனால் அவருக்கு அன்றிலிருந்து வேலை ஓடவில்லை. ஒருவேளை, ஒருவேளை என்று ஏதோ உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. தன் தொழிலை வைத்தே இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒத்தமரத்தில் எந்தப் பெரிய மனிதர் வந்து போனாலும் மறுவாரமே சுவரில் பாசி ஏறிவிடும், இரவல் பிள்ளைகள் ஊர் திரும்பிவிடும். ஆகவே ஒரு இடத்தின் நிஜத்தைப் பார்க்க வேண்டுமானால் விருந்தாளி போன பிறகு போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளி கழியட்டும். அப்போதும் அது அப்படியே இருந்தால், மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட வேண்டியதுதான்.

"வெள்ளிக்குள்ளன்னுதானங்க சொன்னாரு?" என்றாள் மீனம்மா.

"ஒனக்குத் தெரியாது. நான் இந்த வேலைய முப்பது வருசமாப் பண்றேன்."

வெள்ளி கழிந்தது. அந்த வெள்ளிக்கிழமை நாகலெட்சுமி தலை வாரி, இருப்பதிலேயே நல்ல பாவாடையைக் கட்டிக்கொண்டு, ஏன் என்று யாரும் கேட்காதபடி பகல் முழுக்க வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை கந்தப்பன் மறுபடி அட்டனுக்குப் போனார். இந்த முறை ஓடாத குறையாகப் போனார். முதலில் பின்பக்கம்தான் போனார். வெள்ளை அப்படியே இருந்தது. பள்ளத்துப் பக்கம் கொஞ்சம் பாசி பிடிக்கப் பார்த்த இடத்தில், நேற்றோ முந்தாநாளோ யாரோ சுரண்டிவிட்டு மறுபடி சுண்ணாம்பு தொட்டிருந்தார்கள். கக்கூசு வாளியில் தண்ணீர் இருந்தது. குவளை இருந்தது. ஜன்னல் வழியே பார்த்தார். நோட்டன் பிரிட்ஜ் லெட்சுமி முதல் பெஞ்சிலேயே உட்கார்ந்து பக்கத்துப் பிள்ளையோடு ரகசியமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இரவல் பிள்ளை சண்டை போடாது. கந்தப்பனுக்குத் தெரியும், அவரே எத்தனையோ பிள்ளைகளை இரவல் வாங்கியவர்.

யாரும் வரவில்லை. யாரும் வரப்போவதும் இல்லை. யாருக்காகவும் இல்லாமல், சும்மாவே, ஒரு இடம் இப்படி இருக்கிறது. இப்படி ஒன்று உலகத்தில் இருக்கக்கூடும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

ஹெட்மாஸ்டர் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். "வெள்ளி பின்னேரம் வரைக்கும் நாலு இடத்தை வச்சுக்கொண்டு பாத்திருந்தனான். நீங்கள் வரேல்லை. சனி காலமை கடைக்கார ஆக்களும் ரயில்வே ஆக்களும் வந்து நிக்கினம். குடுத்திட்டன்."

"ஒண்ணே ஒண்ணுங்க. எம்மவளுக்கு மட்டும். தரையில ஒக்கார வச்சாலும் பரவாயில்லீங்க."

"இஞ்ச ஒருத்தரையும் தரையில இருத்துறேல்லை, ஐயா," என்றார் அவர், கோபமில்லாமல். "வாற வருசம் வாங்கோவன்."

"அதுக்குள்ள அவ பேரு பதிஞ்சிரும்ங்க."

ஹெட்மாஸ்டருக்குப் புரியவில்லை. கொஞ்சம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டார்: "ஏன் வராமல் விட்டனீங்கள்? பள்ளிக்கூடத்தில என்ன குறை கண்டியள்? சொல்லுங்கோ. சொன்னால் திருத்தலாம்."

"கொறை ஒண்ணும் இல்லீங்க," என்றார் கந்தப்பன்.

"அப்ப?"

அதற்குமேல் அங்கே நிற்க முடியாமல் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்.

டிக்கோயா வளைவில், ஒரு மதகின்மேல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். வீட்டில் மகள் கேட்பாள். நிஜத்தைச் சொன்னால், அந்த நிஜத்தைக் கூடையோடு சேர்த்து முதுகில் கட்டிக்கொண்டு ஆயுள் முழுக்க மலை ஏறுவாள். எழுந்து நடந்தார். வீடு போய்ச் சேர்வதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது.

"நான் சொன்னது சரியாப் போச்சு," என்றார், எல்லோரும் கேட்கும்படி உரக்க. "வெள்ளி தாண்டுச்சு, எல்லாம் போச்சு. சொவத்துல பாசி, ஒரு ஆளு ஒசரத்துக்கு. அந்தப் பாசியில ரெண்டு ஆடு மேயுது. ஒரு வாத்தியாரு பெஞ்சிகளச் சேத்துப்போட்டுப் படுத்திருக்காரு, கொறட்டையில ஓடு ஒண்ணு நழுவி விழுகுது. ஒலகப் படத்த எலி தின்னுருச்சு. இந்தியாவும் சிலோனும் போயாச்சு, கடல் மட்டுந்தான் மிச்சம்."

"கக்கூசு?"

"கதவையே வெறகுக்கு ஒடைச்சுட்டான்."

"கர்த்தரே, நம்ம புள்ளைங்க தப்பிச்சுச்சு," என்று அந்தோனியம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அழகுமுத்து அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நாகலெட்சுமி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்த லெட்சுமி?"

"யாரு, அந்த நோட்டன் பிரிட்ஜ் புள்ளையா? அன்னிக்கே ஊருக்கு அனுப்பிட்டாங்களாம்."

"நல்ல வேளப்பா," என்றாள் அவள்.

தைப்பொங்கல் கழிந்து அவள் பெரட்டுக்குப் போனாள். அந்தோனியம்மாவின் மகளும் போனாள். அழகுமுத்துவின் இரட்டையரை, அவன் பயந்தபடியே, கொஞ்சகாலம் ஒரு ஆளாகத்தான் கணக்குப் பிடித்தார்கள்.

கந்தப்பனின் பேர் மட்டும் வளர்ந்தது. ஏமாறாத ஆள் என்று டிக்கோயாவைத் தாண்டி நல்லதண்ணிவரை பேசிக்கொண்டார்கள். மாடு வாங்குகிறவர்கள் வந்தார்கள், மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் வந்தார்கள். ஆனால் அதிகம் வந்தது, பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாமா என்று கேட்கிறவர்கள்தான். வருகிறவர்கள் வேலை முடிந்த நேரமாகப் பார்த்து வருவார்கள். அந்த நேரம் நாகலெட்சுமியும் வீட்டில் இருப்பாள், கொழுந்துக் கறை ஏறிய விரல்களை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துக்கொண்டு. அவள் காதுபட அவர் என்ன சொல்ல முடியும்? ஆட்டையும் எலியையும் திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு வருசத்தில் ஆடுகள் ஐந்தாகிவிட்டன. எத்தனை பிள்ளைகள் அந்த ஆடுகளைக் கேட்டுத் திரும்பிப் போயின என்று அவர் நினைத்துப் பார்ப்பதில்லை, நினைக்காமலும் இல்லை.

மூன்றாம் வருசம் நல்லதண்ணியிலிருந்து வேலாயி என்று ஒருத்தி வந்தாள். பஸ்ஸில் வந்து, மீதித் தூரம் நடந்து வந்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. நாகலெட்சுமிக்கு அன்றைக்கு இருந்த வயது. அந்தப் பிள்ளை வந்ததும் வராததுமாக மூலையில் கிடந்த பழைய பேப்பர்த் துண்டை எடுத்து, வாயசைத்துப் படிக்கத் தொடங்கிவிட்டது.

"ஒங்களக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணணும்னு இவங்கப்பா சொல்லிட்டாருங்கண்ணே," என்றாள் வேலாயி.

கந்தப்பன் அந்தப் பிள்ளையைப் பார்த்தார். ஆடு என்று சொல்ல வாயெடுத்தார். இரண்டு தரம் கனைத்தார்.

"அதயேன் கேக்குறீங்க அத்த," என்று உள்ளேயிருந்து நாகலெட்சுமியின் குரல் வந்தது. விரலைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து நிலையில் சாய்ந்தாள். "சொவரெல்லாம் பாசி. ஆடு மேயுது. வாத்தியாரு கொறட்டை விட்டா ஓடு விழுகுதாம். கக்கூசுக்குக் கதவே இல்ல. அப்பா ரெண்டு வாட்டி போய்ப் பாத்துட்டு வந்துட்டாரு." அவரைவிட நன்றாகவே சொன்னாள். எலி தின்ற உலகப் படத்தைச் சொல்லும்போது சிரிக்கக்கூடச் செய்தாள்.

வேலாயி பெருமூச்சு விட்டாள். "அப்ப சரி. வா புள்ள." பேப்பர்த் துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

கந்தப்பன் செருப்புக்கூட இல்லாமல் எழுந்து ஓடினார். குறுக்குப் பாதையில் தேயிலைச் செடிகளை விலக்கிக்கொண்டு, பெரிய ரோட்டுக்கு ஏறுகிற இடத்தில் அவர்களை மறித்தார்.

"தாயி, நில்லு. அந்தப் பள்ளிக்கூடம் நல்ல பள்ளிக்கூடம்."

வேலாயி நின்றாள்.

"எம்மக சொன்னதெல்லாம் நான் கட்டிவிட்ட பொய்யி. ஆடும் இல்ல, எலியும் இல்ல. பெஞ்சி இருக்கு. கக்கூசு இருக்கு. ஹெட்மாஸ்டரு எந்திரிச்சு வந்து கூப்புடுவாரு. ஒம்மகள நாளைக்கே கொண்டுபோயி விடு."

வேலாயி அவரை மேலும் கீழும் பார்த்தாள். மூச்சிரைப்பையும், வெறுங்காலையும், கும்பிட்ட கையையும் பார்த்தாள். பிள்ளையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வீட்டுல ஒண்ணு, ரோட்டுல ஒண்ணா?" என்றாள். "யாருண்ணே சொல்லி அனுப்புனா? புள்ள புடிச்சுக் குடுத்தா அந்த வாத்தியாரு ஏதும் தர்றாரா?"

"சத்தியமாத் தாயி. எம்மக மேல சத்தியம்."

"அம்புட்டு நல்ல பள்ளிக்கூடம்னா," என்றாள் வேலாயி மெதுவாக, "ஒங்க மக ஏன் கொழுந்தெடுக்குது?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பஸ் வருகிற நேரம். பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கந்தப்பன் திரும்பி வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நாகலெட்சுமி அவர் கால்களில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துவிட்டு, தண்ணீர்ச் செம்பை எடுத்து வைத்தாள்.

"சொல்லிட்டீங்களாப்பா?"

அவர் திடுக்கிட்டார். "என்னத்த?"

"பள்ளிக்கூடம் நல்லாருக்குன்னு."

அவர் குனிந்து காலில் ஒட்டிய சேற்றை வழித்தார்.

"நீங்க ரெண்டாவது வாட்டி போயிட்டு வந்த வாரமே லியனார்ட் மாஸ்டரு எனக்குச் சொல்லிட்டாரு," என்றாள் அவள், செம்பை அவர் பக்கம் நகர்த்தி. "நீங்கதான் அம்புட்டுக் கஷ்டப்பட்டு ஆடெல்லாம் மேச்சீங்களே. அதான் நான் ஒண்ணும் கேக்கல." பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அந்தப் புள்ளையோட அம்மா நம்புச்சா?"

"இல்ல," என்றார் கந்தப்பன்.

அவள் சிறிதுநேரம் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸின் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து, மஸ்கெலியாப் பக்கம் போய் அடங்கிற்று. "கால அலம்பிட்டு உள்ள வாங்கப்பா," என்றாள். "காலையில எனக்கு வெள்ளன பெரட்டுக்குப் போகணும்."